லிக்விட் கூலர் எத்தனை வருஷம் உழைக்கும்? வாங்குவதிலிருந்து கழற்றுவது வரை

கேமிங் கம்ப்யூட்டரின் பிராசசரைத் திரவம் ஓட்டிக் குளிர்விக்கும் லிக்விட் கூலர் போடலாம் என்று பேச்செடுத்தாலே பக்கத்தில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, “தண்ணி லீக் ஆனா மதர்போர்டு போயிடுமே?” என்பதுதான். பயம் நியாயமானது. ஆனால் இந்தக் கூலர்கள் வீணாகிற விதத்தைப் பார்த்தால் லீக் கடைசி வரிசையில்தான் நிற்கிறது. பெரும்பாலும் பம்ப் நின்றுபோகும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் திரவம் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதுவும் இல்லையென்றால் கசடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மூன்றும் வெளியே தெரியாமல் நடப்பவை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் ஆர்ஜிபி விளக்கு மட்டும் வாங்கிய அன்று மின்னியது போலவே மின்னிக்கொண்டிருக்கும்.

உள்ளே எட்டிப் பார்க்க முடியாத ஒரு பொருளின் நிலைமையை வெளியிலிருந்தே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அதற்கான வேலையை மாட்டிய முதல் நாளே செய்தால்தான் உண்டு. அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன். பெட்டியோடு வாங்கி அப்படியே மாட்டுகிற ஏஐஓ (ஆல்-இன்-ஒன்) வகையைப் பற்றி மட்டும் பேச்சு. டியூப், டேங்க், பம்ப் என்று தனித்தனியாக வாங்கிக் கட்டுகிற கஸ்டம் லூப் வேறு உலகம்.

## எது முதலில் போகும்

பிராசசர் மேல் உட்காரும் தலைக்குள் ஒரு செம்புத் தகடும், பெரும்பாலான மாடல்களில் அதன் மேலேயே ஒரு சின்ன பம்பும் இருக்கும். தகட்டின் உட்புறத்தில் மிக நெருக்கமாக வெட்டிய மெல்லிய செதில்கள். அவற்றுக்கிடையே உள்ள சந்து ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். அந்தச் சந்துகள் வழியாகத் திரவம் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு, ரப்பர் டியூப் வழியாக அலுமினிய ரேடியேட்டருக்குப் போய், ஃபேன் காற்றில் ஆறித் திரும்பி வரும். மொத்தத் திரவமும் பல மாடல்களில் ஒரு காபி டம்ளர் அளவுதான் இருக்கும்.

பம்பின் ஆயுளாகப் பெட்டியில் 50,000 மணி நேரம், 70,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். 70,000 மணி என்றால் இராப்பகலாக ஓட்டினாலும் 8 வருஷம். தினம் 6 மணி நேரம் விளையாடுகிறவருக்கு அது 30 வருஷத்தைத் தாண்டும். இதை நம்பி யாரும் 30 வருஷக் கணக்கு போட வேண்டாம். அது சோதனைக்கூடத்தில் கணித்த சராசரி. உங்கள் மேசையில் இருக்கும் அந்த ஒரு பம்ப் எப்போது நிற்கும் என்று அந்த எண் சொல்லாது. தவிர, பம்ப் நன்றாக இருந்தாலும் திரவம் அதுவரை காத்திருக்காது.

திரவம் எப்படிக் குறைகிறது என்பது புதிதாக வருகிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். எங்கும் ஓட்டை கிடையாது, ஒரு சொட்டுகூடக் கீழே விழாது. ஆனாலும் ரப்பர் என்பது நூறு சதவீதம் அடைப்பான பொருள் இல்லை. நீராவி அதன் சுவர் வழியாக மிக மெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். சூடு கூடினால் வேகமும் கூடும். வெளியேறிய நீரின் இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். அந்தக் காற்று ரேடியேட்டரின் மேல்மூலையில் சும்மா கிடந்தால் தொல்லை இல்லை. அதுவே பம்புக்குள் போய்விட்டால் சத்தம், உராய்வு, பிறகு தேய்மானம். சென்னை, மதுரை மாதிரி ஊர்களில் மே மாதம் ஏசி இல்லாத அறையே 35 டிகிரியைத் தாண்டி நிற்கும். ஐரோப்பாவில் 22 டிகிரி அறையில் வைத்துச் சோதித்த கூலர் இங்கே அந்த நாட்களில் அதைவிட 12, 13 டிகிரி கூடுதலான திரவத்தோடு வாழ்கிறது. அதே மாடல் என்றாலும் அதே ஆயுளை எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது, கசடு. செம்பும் அலுமினியமும் ஒரே திரவத்தில் நனைந்தால் அரிப்பு வரத்தான் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் தண்ணீரோடு கிளைகாலும் அரிப்புத் தடுப்பான்களும் கலந்து வைக்கிறார்கள். அந்தக் கலவையில் பிசகு நேர்ந்தால் செதில் சந்துகளில் பசை மாதிரி ஒன்று படிந்து ஓட்டத்தை அடைத்துவிடும். இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஏஎம்டியின் திரெட்ரிப்பர் பிராசசருக்காக வந்த எனர்மாக்ஸ் லிக்டெக் டிஆர்4 கூலர்களைப் பிரித்துப் பார்த்தபோது இப்படித்தான் அடைத்துக் கிடந்தது. பிறகு திருத்திய மாடலை விட்டார்கள். 2021இல் எம்எஸ்ஐ தன் மேக் கோர்லிக்விட் வரிசையில் சில மாடல்களைப் படிவுப் பிரச்சினைக்காகத் திரும்பப் பெற்றது. 2022இல் ஆர்க்டிக், லிக்விட் ஃப்ரீசர் 2 வரிசையின் ஒரு பகுதியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட்டில் மிஞ்சியிருந்த கந்தகம் செம்புத் தகட்டைத் தின்கிறது என்று தானே அறிவித்து, மாற்று கேஸ்கெட்டும் தகடும் அடங்கிய சர்வீஸ் கிட்டை இலவசமாக அனுப்பியது. மூன்றுமே பெயர் தெரிந்த நிறுவனங்கள். பிராண்டைப் பார்த்து வாங்குவது சரிதான், பிராண்டை நம்பிக் கண்ணை மூடிக்கொள்வதுதான் ஆகாது. தப்பை ஒத்துக்கொண்டு கிட் அனுப்புகிற கம்பெனிக்கு நான் ஒரு மதிப்பெண் கூடவே போடுவேன்.

ஃபேன் போனால் ஃபேனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஆக, எத்தனை வருஷம்? 5 அல்லது 6 வருஷம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கம்பெனிகள் தரும் வாரண்டியும் ஏறக்குறைய அந்த அளவுதான். 8 வருஷம் ஓடுவதும் உண்டு, 2 வருஷத்தில் மூச்சை நிறுத்துவதும் உண்டு.

## படி 1: உங்களுக்கு இது தேவையா

இன்டெல் கோர் ஐ9 14900கே உச்சத்தில் 253 வாட் இழுக்கும். ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட் வரை போகும். இவற்றை வைத்து வீடியோ ரெண்டர் செய்கிறவருக்கு 360 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட லிக்விட் கூலர் நியாயமான செலவு. ரைசன் 5 7600 மாதிரி 65 வாட் வகை பிராசசர் என்றால் பெட்டியிலேயே ஒரு சின்னக் கூலர் வருகிறது, அதைவிட ஒரு படி நல்லதாக திரவமே இல்லாமல் உலோகச் செதிலும் ஃபேனும் மட்டும் உள்ள ஒரு டவர் ஏர் கூலர் போட்டால் முடிந்தது. கேமர்கள் விரும்பி வாங்கும் ரைசன் 7 7800எக்ஸ்3டிகூட விளையாடும்போது 100 வாட்டை எட்டாது.

நாக்டுவா என்எச்-டி15 என்ற ஏர் கூலர் 2014இல் வந்தது. அப்போது வாங்கியவர்களில் பலர் இன்னும் அதையேதான் வைத்திருக்கிறார்கள். ஃபேன் தவிர அதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. கேம் மட்டும்தான், பட்ஜெட்டும் இறுக்கம் என்றால் லிக்விட் கூலருக்கு ஒதுக்கிய பணத்தை கிராபிக்ஸ் கார்டு பக்கம் தள்ளிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. அழகுக்காக வேண்டும் என்றால் அதுவும் ஒரு காரணம்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 6 வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

## படி 2: கடையில் பார்க்க வேண்டியது

முதலில் வாரண்டி எத்தனை வருஷம் என்று பாருங்கள். என்இசட்எக்ஸ்டி கிராக்கன், ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3 போன்றவற்றுக்கு 6 வருஷம் தருகிறார்கள். 2 வருஷம் மட்டும் தருகிற கூலர் விலை குறைவாக இருக்கிறது என்று தூக்கிவிடாதீர்கள். தயாரித்தவரே அதற்கு மேல் பொறுப்பேற்கத் தயங்குகிறார் என்று அர்த்தம்.

அப்புறம் லீக் ஆனால் மற்ற பாகங்களுக்கும் ஈடு தருவார்களா என்று அந்தக் கம்பெனியின் வாரண்டி நிபந்தனைகளில் தேடிப் படியுங்கள். சில கம்பெனிகள் பரிசோதித்துவிட்டுத் தருகின்றன, சில கூலரோடு நிறுத்திக்கொள்கின்றன. எப்படி இருந்தாலும் பில் இல்லாமல் பேச்சே நடக்காது. வெப்பத்தில் எழுத்து மறையும் தாளில்தான் பல கடைகள் பில் அடிக்கின்றன. 2 வருஷத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே பில்லையும், பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள்.

பெட்டியில் தயாரிப்புத் தேதி இருந்தால் பாருங்கள். கடைக் குடோனில் 3 வருஷம் தூங்கிய கூலர் சூடு படாததால் மெதுவாகத்தான் என்றாலும், திரவத்தைக் கொஞ்சம் இழந்துதான் இருக்கும். இதே காரணத்துக்காக செகண்ட் ஹேண்ட் ஏஐஓ வாங்கவே வேண்டாம். பிராசசரை, ரேமை, ஏர் கூலரைத் தாராளமாகப் பழையதில் வாங்கலாம். இது அந்த ஜாதி இல்லை.

இன்னொன்று, பெயர் வேறாக இருந்தாலும் பம்ப் ஒரே இடத்திலிருந்து வரலாம். டென்மார்க்கின் ஆசெடெக் பல பிராண்டுகளுக்குப் பம்ப் செய்து கொடுத்திருக்கிறது. 2009இல் வந்த கோர்செயர் எச்50கூட அவர்கள் தயாரிப்புதான். ரிவியூ படிக்கும்போது உள்ளே யாருடைய பம்ப், எந்தத் தலைமுறை என்று சொல்லியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். மேலே ஒட்டியிருக்கும் லோகோவைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

எல்சிடி திரை வைத்த மாடல்கள் ஜோராக இருக்கும். அதற்கு ஒரு யூஎஸ்பி கேபிள், ஒரு சாஃப்ட்வேர், ஒரு சின்ன சர்க்யூட் என்று கெட்டுப்போகக் கூடுதலாக மூன்று வழி. திரைக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

கடைசியாக, மாட்டும் கிளாம்ப். சாக்கெட் என்பது மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு வந்த கூலர்களில் பெரும்பாலானவை ஏஎம்5க்கும் பொருந்தும். இன்டெல்லில் 2021இல் வந்த எல்ஜிஏ1700க்குப் புது கிளாம்ப் தேவைப்பட்டது, 2024இல் வந்த எல்ஜிஏ1851க்கு அதே கிளாம்பே போதும். சாக்கெட் மாறும்போது கிளாம்ப் அனுப்பித் தருகிற கம்பெனியா என்று பாருங்கள். கூலர் நன்றாக இருந்தும் கிளாம்ப் கிடைக்காமல் பரணில் ஏறியவை ஏராளம்.

## படி 3: ரேடியேட்டரை எங்கே வைப்பது

ஆயுளை நிர்ணயிப்பதில் உங்கள் கையில் இருக்கும் பெரிய விஷயம் இதுதான். விதி ஒன்றே ஒன்று: மொத்த சுற்றில் உயரமான இடம் பம்பாக இருக்கக் கூடாது. காற்று எப்போதும் மேலே போய்த் தங்கும். மேலே ரேடியேட்டர் இருந்தால் அங்கே தங்கும், பம்ப் இருந்தால் பம்புக்குள் தங்கும். புதுக் கூலரிலும் கொஞ்சம் காற்று இருக்கவே செய்யும். வருஷம் போகப் போக அது கூடும்.

கேபினெட்டின் மேல்தட்டில் ரேடியேட்டரை வைப்பது எல்லாவற்றிலும் நல்லது. காற்று அங்கேயே ஒதுங்கும், சூடான காற்றும் மேலேயே வெளியேறும். முன்பக்கம் வைப்பதென்றால் டியூப் இணைப்பு கீழ்ப்பக்கம் வருமாறு நிறுத்துங்கள். அப்போது ரேடியேட்டரின் மேல்முனையில் காற்று சேர்ந்தாலும் டியூபுக்குள் நுழையாது. டியூப் எட்டவில்லை என்றால் இணைப்பை மேலே வைக்கலாம், ஆனால் ரேடியேட்டரின் உச்சி பம்பைவிட உயரமாக இருக்க வேண்டும். இந்த நிலையில் சலசலப்புக் கொஞ்சம் கேட்கும். அடித்தட்டில் மட்டும் வைக்காதீர்கள். பம்ப் உச்சிக்கு வந்துவிடும், காற்று நேரே அதில்தான் போய் உட்காரும். கண்ணாடிப் பெட்டி மாதிரி வரும் சில கேபினெட்களில் கீழே 360 மி.மீ. இடம் விட்டிருப்பார்கள். அது ஃபேனுக்கான இடம்.

மாட்டும்போது டியூபை முறுக்காமல், ரேடியேட்டர் முனையிலேயே மடங்காமல் ஒரு தளர்வான வளைவாக விடுங்கள். லீக் வருவதென்றால் பெரும்பாலும் டியூப் சேரும் அந்த மூட்டுகளில்தான் வரும்.

## படி 4: கேபிளும் பயாஸும்

செம்புத் தகட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிட்டீர்களா என்று இன்னொரு முறை பாருங்கள். சிரிக்காதீர்கள், “புதுக் கூலர், 95 டிகிரி காட்டுகிறது” என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்தத் தாளோடு முடியும்.

பம்பின் கேபிளை மதர்போர்டில் ‘ஏஐஓ பம்ப்’ அல்லது ‘பம்ப் ஃபேன்’ என்று அச்சிட்டிருக்கும் பின்னில் செருகுங்கள். சில மாடல்களில் பம்புக்கு மின்சாரம் சாட்டா கேபிள் வழியாக வரும், இந்தப் பின் வழியாக வேகத் தகவல் மட்டும் போகும். பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் மதர்போர்டின் செட்டிங்ஸ்) போய் அந்தப் பின்னை முழு வேகத்தில் நிறுத்துங்கள். சூட்டுக்கேற்ப ஏறி இறங்கும் ஃபேன் கணக்கு பம்புக்கு வேண்டாம். குறைந்த மின்னழுத்தத்தில் பம்ப் தடுமாறுவதும், நின்று நின்று கிளம்புவதும் அதற்கு நல்லதில்லை. முழு வேகத்தில் சத்தம் தாங்கவில்லை என்றால் கம்பெனி சொல்லும் அளவுக்குள் ஒரே வேகத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஃபேன்களைத் தனியாக ‘சிபியு ஃபேன்’ பின்னில் மாட்டுங்கள். பம்ப் நின்றால் கம்ப்யூட்டர் எச்சரிக்கும்படி பயாஸில் வசதி இருக்கும், அதையும் ஆன் செய்துவிடுங்கள்.

## படி 5: முதல் நாள் கணக்கு

இதைச் செய்கிறவர்கள் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். கூலர் மாட்டி எல்லாம் ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அதன் ஆரோக்கியமான நிலையை எழுதி வைத்துவிட வேண்டும். 3 வருஷம் கழித்து “முன்னாடி இவ்வளவு சூடு ஏறாதே” என்று சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் இருக்காது.

தேவையானவை: சூடு, வாட் எல்லாம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர், பிராசசருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23, சுவரில் மாட்டும் சாதாரண தெர்மாமீட்டர் ஒன்று. ஃபேன் வேகத்தை ஒரே அளவில் நிறுத்துங்கள், 1200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1200 சுற்று) என்று வைத்துக்கொள்வோம். சினிபெஞ்சில் 30 நிமிடச் சோதனை என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதை ஓட விடுங்கள். 5 நிமிடத்தில் பார்த்துவிட்டு நிறுத்தினால் தப்பான எண்தான் கிடைக்கும். திரவம் மெதுவாகத்தான் சூடேறும், நிலைக்கு வர 15, 20 நிமிடம் ஆகலாம். கடைசி 5 நிமிடத்தில் பிராசசரின் சூடு, அது இழுக்கும் வாட், பம்பின் ஆர்பிஎம், திரவச் சூடு காட்டும் மாடலாக இருந்தால் அதுவும், கூடவே அறையின் சூடு. இவ்வளவையும் தேதியோடு எழுதுங்கள். கேபினெட்டின் உள்பக்கக் கதவில் ஒரு துண்டுச் சீட்டாக ஒட்டி வைப்பது நல்ல வழி. போன் மாறும், சீட்டு மாறாது.

இதில் முக்கியமான எண் பிராசசர் சூடு மைனஸ் அறைச் சூடு. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. மே மாதம் அறை 33 டிகிரி, பிராசசர் 83. வித்தியாசம் 50. ஒன்றரை வருஷம் கழித்து டிசம்பரில் பார்க்கிறீர்கள், பிராசசர் அதே 83 டிகிரி. “ஒன்றும் மாறவில்லை” என்று மூடிவிடுவீர்கள். ஆனால் அன்று அறை 25 டிகிரி. வித்தியாசம் 58. அதாவது கூலர் 8 டிகிரி பின்தங்கியிருக்கிறது, குளிர்காலம் அதை மறைத்துவிட்டது. அடுத்த மே மாதத்தில் அந்த 8 டிகிரி வெளியே வரும். அப்போது “வெயில் ஜாஸ்தி” என்று சொல்லிக்கொள்வோம்.

ஒரு சிக்கல் உண்டு. சில பிராசசர்கள் எந்தக் கூலரைப் போட்டாலும் தங்கள் உச்ச வரம்பைத் தொடும் வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும்படி வடிவமைக்கப்பட்டவை. ரைசன் 9 7950எக்ஸுக்கு அது 95 டிகிரி, இன்டெல் 14900கேவுக்கு 100. அந்த வரம்பில் ஒட்டிக்கொண்டுவிட்டால் கூலர் மோசமானாலும் சூடு நகராது. வாட் குறையும், சினிபெஞ்ச் மதிப்பெண் குறையும். உங்களுடையது அந்த வகை என்றால் சூட்டை விட்டுவிட்டு வாட்டைப் பாருங்கள், இல்லையென்றால் பயாஸில் ஒரு வாட் வரம்பு வைத்துச் சோதியுங்கள்.

திரவச் சூடு காட்டும் கூலராக இருந்தால் இன்னும் எளிது. பொதுவாக 60 டிகிரியை உச்ச வரம்பாகச் சொல்வார்கள். நம் ஊர் வெயிலில் நீண்ட நேரம் விளையாடும்போது 50க்குள் நிறுத்தப் பாருங்கள். அதைத் தாண்டினால் ஃபேன் வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது கேபினெட்டுக்குக் காற்று வரும் வழியைச் சரிசெய்யுங்கள்.

இதே சோதனையை 6 மாதத்துக்கு ஒருமுறை. அவ்வளவுதான்.

## படி 6: பராமரிப்பு

தூசிதான் முதல் எதிரி. ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் மெல்லிய கம்பளம் போல் படியும். மேலோட்டமாகத் துடைத்தால் போகாது, ஃபேனைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெடும். ரேடியேட்டர் செதில்கள் மென்மையானவை, தூரிகை போதும், குச்சி வேண்டாம்.

பிராசசருக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட்டை 3 வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். கூலர் போய்விட்டது என்று நினைத்ததில் பாதி, காய்ந்துபோன பேஸ்ட்டாக இருக்கும்.

திரவம் குறைந்தால் நாமே ஊற்றலாமா என்று கேட்பார்கள். ஊற்றும் வாய் வைத்த மாடலாக இருந்தால் மட்டும். பி கொயட் நிறுவனத்தின் சைலன்ட் லூப் 2 அப்படிப்பட்டது, கூலன்ட் பாட்டிலும் கூடவே வருகிறது. மற்றவற்றில் மூடியைத் திறந்தாலே வாரண்டி போய்விடும். எதிலும் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பும் சுண்ணாம்பும் அந்தச் செதில்களில் போய் உட்காரும்.

ஏசி அறையில் டியூபில் வியர்க்குமா என்றும் ஒரு பயம் இருக்கிறது. வியர்க்காது. திரவம் அறைச் சூட்டுக்குக் கீழே போகவே முடியாது.

## படி 7: சந்தேகம் வந்தால் எந்த வரிசையில் பார்ப்பது

கம்ப்யூட்டர் போட்டதும் சில நொடி சலசலவென்று கேட்டு அடங்கினால் விட்டுவிடுங்கள். நாள் முழுக்கக் கேட்டால், அல்லது ரீங்காரம், கடகட என்று உராயும் சத்தம் வந்தால் பம்பில் காற்றோ தேய்மானமோ இருக்கிறது. கேபினெட்டை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்தால் காற்று ரேடியேட்டருக்கு நகர்ந்து சத்தம் நிற்பதுண்டு. நின்றாலும் அது தற்காலிகம்தான், திரவம் குறைந்திருக்கிறது என்ற செய்தி மாறவில்லை.

சூடு ஏறினால் உடனே கூலரைப் பழி சொல்லாதீர்கள். முதலில் தூசி. அப்புறம் எல்லா ஃபேனும் சுற்றுகிறதா, சரியான திசையில் காற்று போகிறதா. அப்புறம் பம்பின் ஆர்பிஎம். பூஜ்யம் காட்டினால் கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அதுவும் சரி என்றால் பேஸ்ட். இவ்வளவும் முடிந்த பிறகும் முதல் நாள் வித்தியாசத்தைவிட 8, 10 டிகிரி கூடுதலாக நின்றால் கூலரின் கதை முடிகிறது என்று பொருள்.

ஆர்பிஎம் சரியாகக் காட்டுவதால் திரவம் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. பம்ப் சுற்றும், ஆனால் செதில் அடைத்திருந்தால் ஓட்டம் இருக்காது. சோதனை ஓடும்போது இரண்டு டியூபையும் தொட்டுப் பாருங்கள். நன்றாக ஓடும் கூலரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கதகதப்பில் இருக்கும். பிராசசர் 95 டிகிரியில் தவிக்க, ரேடியேட்டர் அறைச் சூட்டிலேயே சில்லென்று இருந்தால் உள்ளே எதுவும் நகரவில்லை.

பம்ப் திடீரென்று நின்றால் பிராசசர் கருகிவிடாது. இன்றைய பிராசசர்கள் வரம்பைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மீறினால் கம்ப்யூட்டரே அணைந்துவிடும். கேம் நடுவில் எஃப்பிஎஸ் விழுந்து, பிறகு திரை கறுத்தால் மீண்டும் மீண்டும் ஆன் செய்து பார்க்காமல் காரணத்தைத் தேடுங்கள்.

லீக் சந்தேகம் என்றால் வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம். சுவிட்சை அணைத்து, பிளக்கையே உருவிவிடுங்கள். டியூப் மூட்டுகளிலும் பம்பின் ஓரத்திலும் பிசுபிசுப்பு, வெள்ளைப் படிவு, பச்சைக் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பம்புக்குக் கீழே கிராபிக்ஸ் கார்டுதான் இருக்கும், அதன் பின்தகட்டையும் பாருங்கள். துடைப்பதற்கு முன்னால் போட்டோ, வாரண்டிக்கு அதுதான் சாட்சி. பிறகு ஐசோபுரோப்பில் ஆல்கஹால் வைத்துத் துடைத்து, ஓரிரு நாள் முழுதாகக் காயவிட்டு, வேறு கூலரோடுதான் மறுபடி ஆன் செய்ய வேண்டும்.

## படி 8: மாற்றும் நேரம்

வாரண்டி முடிய 2, 3 மாதம் இருக்கும்போது ஒருமுறை முழுச் சோதனையும் செய்யுங்கள். வித்தியாசம் கூடியிருந்தால் அப்போதே கிளெய்ம் போட்டுவிடுங்கள். துண்டுச் சீட்டில் இருக்கும் பழைய எண்கள் சர்வீஸ் சென்டரில் பேச உதவும். “சூடாகுதுங்க” என்பதற்கும் “அதே 180 வாட்டில் 50 இருந்த வித்தியாசம் இப்போது 61” என்பதற்கும் கிடைக்கும் மரியாதை வேறு.

கிளெய்ம் போனால் கூலர் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கம்ப்யூட்டரைச் சும்மா போட வேண்டாமென்றால் ஒரு மலிவான டவர் ஏர் கூலரோ, பிராசசரோடு வந்த கூலரோ வீட்டில் இருக்கட்டும். கேம் ஓரளவு ஓடும், வேலை நிற்காது.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை, குறிப்பாக ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்களுக்கு. அதில் பிராசசரின் கால்கள் பிராசசரிலேயே இருக்கும், மேலே பிடித்துக்கொள்ளச் சட்டம் எதுவும் கிடையாது. காய்ந்த பேஸ்ட்டோடு கூலரை நேராக இழுத்தால் பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து, கால்கள் வளையும். கழற்றும் முன் 10 நிமிடம் ஏதாவது கேமை ஓட்டி பேஸ்ட்டை இளக விடுங்கள். பிறகு அணைத்து, பிளக்கை உருவி, திருகுகளை மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தலையை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி, அது வழுக்கிக்கொண்டு தளர்ந்த பிறகு மேலே எடுங்கள்.